காவலூர் வானமும் ஜமுனாமரத்தூர் சிக்னலும்

1977 மார்ச் 10ஆம் தேதி பின்னிரவில் யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. கோள் அதன் அருகே வருவதற்கு முன்னாலேயே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி, மறுபடி பழைய நிலைக்கு வந்தது. அதைப் பதிவு செய்த ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று அகப்பட்டிருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் அமெரிக்கரான ஜேம்ஸ் எலியட்டின் குழு விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியோடு பறந்துகொண்டே அதே விண்மீனைக் கவனித்தது. அவர்களுக்கு ஒளி ஒருமுறை அல்ல, பலமுறை மங்கியது. துணைக்கோள் என்று நினைத்தது கடைசியில் யுரேனஸின் வளையமாக முடிந்தது.

காவலூரில் அந்த மங்கலை நடக்கும்போதே பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. இன்று அதே மலையில் ஒரு பழைய லேப்டாப்பும், இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளும், ஓரளவுக்கு நெட்டும் இருந்தால் வானத்தில் நடப்பதை ஊருக்கே நேரலையில் காட்டிவிடலாம். 'ஓரளவுக்கு நெட்' என்பதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. மென்பொருளை நிறுவச் சொல்லித்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஃபைபர் இணைப்பும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் வைத்திருக்கும் வீடியோ கேம் ஆட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. மலைமேல் இருப்பவர் அவற்றில் பாதியைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

காவலூர் ஏன் காவலூரானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலில் இருந்த வானாய்வகம் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவு வானத்துக்கு அவ்வளவாகச் சரிப்படவில்லை. வானியலாளர் வேணு பாப்பு 1960களில் வேறு இடம் தேடி இந்த மலைக்கு வந்தார். சுமார் 700 மீட்டர் உயரம், பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை பாகை. வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்தே கிடைக்கும். கொடைக்கானலில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதைக் கனவு கண்ட பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். வானாய்வகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988இல் இங்கிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

ஆக, காடும் இருட்டும் ஆள் நடமாட்டக் குறைவும் விண்மீனுக்கு உதவின. அதே காடும் மேடுபள்ளமும்தான் கைபேசி டவருக்கும் கைபேசிக்கும் குறுக்கே நிற்கின்றன. அதே மலையில் உள்ள ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நன்றாக வரும் சிக்னல் அடுத்த வளைவில் காணாமல் போகும். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேலும் மரத்து மேலும் ஏறிய மலைக்கிராமத்துப் பிள்ளைகளின் படங்களைத் தமிழ்நாடே பார்த்தது.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57க்கு நிலாவின் விளிம்பு கறுக்கத் தொடங்கி, 11.01க்கு முழுதும் நிழலுக்குள் போனது. 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்று, அதிகாலை 1.26க்குக் கடைசி நிழலும் விலகியது. காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் பெங்களூரு, லடாக், தமிழ்நாடு எனத் தன் வளாகங்களிலிருந்து அதை நேரலையில் காட்டியது. மழைக்கால மேகம் பல ஊர்களில் நிலாவை மறைத்தும் காட்டியும் விளையாடியதால் திரையை நம்பியவர்கள் ஏராளம். கிரகண நேரலைக்கு இருக்கும் பெரிய நியாயமே இதுதான்: ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோரிடம் கைகொடுக்கும். அப்படிக் கைகொடுக்கும் இடங்களில் ஒன்றாக ஜமுனாமரத்தூரில் ஒரு பள்ளி மைதானம் இருக்கக் கூடாதா என்ன?

அந்தப் பள்ளியில் ஓர் அறிவியல் ஆசிரியரிடம் சின்னத் தொலைநோக்கியும், ஒரு லேப்டாப்பும், கைபேசியும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் இறக்க வேண்டியது முன்பு சொன்ன அந்த இலவச மென்பொருள், ஓ.பி.எஸ். ஸ்டூடியோ.

ஓ.பி.எஸ்.ஸின் முதல் பதிப்பு 2012இல் வெளியானது. லெய்ன் பெய்லி என்ற ஒருவர் தனியாகத் தொடங்கிய வேலை. பிறகு உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். முதலில் விண்டோஸில் மட்டும் ஓடியதை மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும்படி அடியிலிருந்து மறுபடி எழுதினார்கள். 2016இல் பழையதை நிறுத்திவிட்டார்கள். ஜி.பி.எல். உரிமத்தில் வருவதால் யாரும் அதன் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். முப்பது நாள் கழித்துப் பணம் கேட்காது. படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்தாது. 2020 ஊரடங்கில் திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் வரை 'லைவ்' வந்துவிட்டதே, அந்த வீடியோகிராபர்களில் பலர் காசு கொடுத்து வாங்கும் மிக்ஸிங் மென்பொருளில் வேலை செய்பவர்கள். நாலைந்து கேமராவை மாற்றி மாற்றிக் காட்ட அது வசதிதான். ஒற்றை நிலாவைக் காட்ட அது தேவையே இல்லை.

இறக்கும்போது ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடக் கூடாது. ஓ.பி.எஸ். பெயரில் போலித் தளங்கள் வைத்து வைரஸ் கலந்த கோப்புகளை விளம்பரமாகவே பரப்பிய கதை 2023இல் பெரிதாக வெளியே வந்தது. மென்பொருளின் சொந்தத் தளத்தின் பெயர் 'ஓபிஎஸ்ப்ராஜெக்ட்'. அங்கே எடுத்தால் போதும். இன்னொன்று, லேப்டாப் பழையதாக இருந்து விண்டோஸ் 7 ஓடினால் புதிய பதிப்பு ஏறாது. 2022இல் வந்த 28ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கணினிக்குக் கடைசி 27.2.4.

யூடியூப் பக்கம் ஒரு வேலையை முன்கூட்டியே முடிக்க வேண்டும். ஒரு கணக்கில் நேரலையை முதன்முதலாகத் திறக்கும்போது, தொலைபேசி எண்ணைச் சரிபார்த்த பிறகும், 24 மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்லும். கிரகணத்தன்று மாலை ஆறு மணிக்கு இதைக் கண்டுபிடிப்பவர்களின் முகம் நிலாவுக்கு முன்னாலேயே கறுத்துவிடும். கைபேசியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்கள் வேண்டும், ஓ.பி.எஸ். வழியாகப் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. பிள்ளைகளின் கணக்கில் செய்ய நினைக்க வேண்டாம். 2025 ஜூலையிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனியாக நேரலை நடத்த முடியாது. ஆசிரியரின் கணக்கோ பள்ளியின் கணக்கோதான் சரி.

நிறுவி முடித்து முதல்முறை திறந்ததும், ஓ.பி.எஸ். தானாகவே எல்லாவற்றையும் அமைத்துத் தரவா என்று கேட்கும். சரி என்று சொல்லலாம்; அது கணினியையும் இணைப்பையும் சோதித்து ஓர் அமைப்பைச் சொல்லும். ஆனால் அது சோதிப்பது அந்த நிமிடத்து நெட்டை. காலை பதினொரு மணிக்கு டவரில் கூட்டம் இல்லாதபோது கிடைத்த வேகத்தை நம்பி இரவு ஒன்பது மணிக்கு இறங்கினால் படம் நின்று நின்று போகும். ஆகவே அது சொல்வதைக் குறித்துக்கொண்டு, பிறகு கையால் குறைக்க வேண்டும்.

எவ்வளவு குறைப்பது? இதற்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

வேகச் சோதனை செய்பவர்கள் முதலில் வரும் பெரிய எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். அது இறக்கும் வேகம். நேரலைக்கு வேண்டியது இரண்டாவதாக வரும் சின்ன எண், அதாவது அப்லோடு. மலையில் அது 2 எம்.பி.பி.எஸ். வந்தாலே நல்ல நாள். கிரகணம் நடக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், சில இரவுகள் சோதித்து, வந்ததிலேயே குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் தொடக் கூடாது. போர்வெல்லில் அரை இஞ்ச் தண்ணீர் வரும்போது மூன்று இஞ்ச் பைப் மாட்டினால் வயல் நனையாது, மோட்டார்தான் வெறும் காற்றை இழுக்கும். பிட்ரேட்டும், அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவும், அப்படித்தான்: நெட் தாங்காத எண்ணைப் போட்டால் தெளிவு கூடாது, படம்தான் உறையும்.

720பி படத்துக்கு யூடியூப் பரிந்துரைப்பது சுமார் 4,000 கே.பி.பி.எஸ். 2,500 வைத்தாலே பார்க்க நன்றாக இருக்கும். ஒலிக்கு 128 சேர்த்தால் 2,628. ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1.2 ஜி.பி. செலவாகும். கிரகணத்தின் இருண்ட பகுதி மட்டும் மூன்றரை மணி நேரம் என்றால் 4 ஜி.பி.க்கு மேல். தினசரி 2 ஜி.பி. பேக் போட்டிருப்பவருக்கு முழுக் கிரகணம் பாதியில் நிற்கும்போதே டேட்டா தீர்ந்துவிடும்.

இங்கேதான் நிலா நமக்கு உதவுகிறது. திரையில் பெரும்பகுதி வெறும் கறுப்பு. நடுவில் மெதுவாக நிறம் மாறும் ஒரு வட்டம். இதற்கு விநாடிக்கு 60 படச்சட்டம் எதற்கு? கிரிக்கெட் பந்தா பறக்கிறது? 15 சட்டமே தாராளம். 15 சட்டம், 1,200 கே.பி.பி.எஸ்., ஒலி 96 என்று வைத்தால் மணிக்கு 0.6 ஜி.பி. கூட ஆகாது. மூன்றரை மணி நேரமும் ஏறக்குறைய 2 ஜி.பி.யில் அடங்கிவிடும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இதே அமைப்பில் கோயில் திருவிழாக் கூட்டத்தைக் காட்டினால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். அதனால் பிட்ரேட்டுக்கு எல்லா நிகழ்ச்சிக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் இல்லை.

எத்தனை பேர் பார்ப்பார்கள் என்ற பயமும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 தரையிறங்கியபோது இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்த்தாலும் எண்பது லட்சம் பேர் பார்த்தாலும் அனுப்புகிறவர் ஏற்றுவது ஒரே ஒரு பிரதிதான். பிரதிகள் எடுத்து எல்லோருக்கும் விநியோகிப்பது யூடியூப் சர்வர்களின் வேலை. ஜமுனாமரத்தூரின் சுமை அதே 1,300 கே.பி.பி.எஸ்.தான்.

அமைப்புகளில் மறக்காமல் பார்க்க வேண்டியவை சில. கீஃப்ரேம் இடைவெளியைத் தானியங்கியில் விடாமல் 2 விநாடி என்று போட வேண்டும். யூடியூப் கேட்பது அதுதான். அட்வான்ஸ்டு பகுதியில், நெரிசலுக்கு ஏற்ப பிட்ரேட்டைத் தானாக ஏற்றி இறக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. ஏனோ அது இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். மலையில் இருப்பவர் முதல் வேலையாக அதை இயக்கிவிடலாம். இணைப்பு அறுந்தால் தானே மறுபடி இணையும் வசதி இயல்பாகவே இருக்கும். அதைக் கெடுக்காமல் இருந்தால் சரி. குறியாக்கத்துக்கு, இன்டெல் சில்லு உள்ள லேப்டாப் என்றால் குயிக் சிங்க் தேர்வைப் பயன்படுத்திப் பார்க்கலாம், சிபியு சூடு குறையும். அது இல்லையென்றால் எக்ஸ்264, அதில் 'வெரிஃபாஸ்ட்'. அவ்வளவுதான்.

நேரலை ஓடும்போது கண் வைக்க வேண்டிய இடம் புள்ளிவிவரச் சன்னல். அங்கே மூன்று வகை இழப்பு தனித்தனியே காட்டப்படும். நெட்வொர்க்கால் விழுந்த சட்டங்கள் கூடினால் குற்றவாளி சிக்னல். பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். குறியாக்கத் தாமதத்தால் தவறியவை கூடினால் குற்றவாளி சிபியு. சட்ட எண்ணிக்கையையோ அளவையோ குறைக்க வேண்டும். வரைதல் தாமதம் என்றால் கிராஃபிக்ஸ் திணறுகிறது. பின்னால் திறந்து கிடக்கும் குரோம் தாவல்களை மூட வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், டவர் செய்த தப்புக்கு நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் புது லேப்டாப் வாங்கியவர்கள் உண்டு.

இனி படம். ஓ.பி.எஸ்.ஸில் 'சீன்' என்பது ஒரு காட்சி. அதற்குள் கேமரா, எழுத்து, படம், ஒலி என்று அடுக்குவதெல்லாம் 'சோர்ஸ்'. நிலாவுக்கு ஒரு காட்சி போதாதா என்று தோன்றும். போதாது. மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் நிலா தன் அகலத்தை இரண்டே நிமிடத்தில் நகர்ந்து தாண்டிவிடும். யாராவது குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளும்போது படம் குலுங்கும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே இரண்டாவது காட்சி ஒன்று தயாராக இருக்க வேண்டும்: கிரகணம் ஏன் வருகிறது என்ற விளக்கப்படமோ, மைதானத்தில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் காட்டும் லேப்டாப் கேமராவோ. தள்ளும் முன் அதற்கு மாறி, நிலா நடுவுக்கு வந்ததும் திரும்பி வரலாம். ஹாட்கீ வைத்துக்கொண்டால் இருட்டில் மவுஸைத் தேட வேண்டாம்.

டி.எஸ்.எல்.ஆர். கேமரா என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளும் கேப்சர் கார்டும் வேண்டும். கைபேசியை ஐபீஸில் மாட்டிப் படம் பிடிப்பவர்களுக்கு ட்ராய்டுகேம் போன்ற செயலி போதும், யூ.எஸ்.பி. கேபிள் வழியாகவே லேப்டாப்புக்குப் படம் வந்துவிடும். வைஃபையில் அனுப்பி இருக்கிற கொஞ்ச அலைவரிசையையும் கெடுக்க வேண்டியதில்லை. தானியங்கி எக்ஸ்போஷரை அணைத்தே தீர வேண்டும். முழுநிலாவுக்கும் முழுக் கிரகண நிலாவுக்கும் வெளிச்ச வித்தியாசம் பத்தாயிரம் மடங்கையும் தாண்டலாம். சுற்றிலும் கறுப்பைப் பார்த்ததும் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டி, நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். எந்தக் கிரகணம் எவ்வளவு இருளும் என்பதை முன்கூட்டியே சொல்லவும் முடியாது. 1991இல் பினடூபோ எரிமலை வெடித்துக் காற்றில் தூசி நிறைந்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியாமல் போனது. எனவே கையால் மாற்றிக்கொண்டே போவதுதான் வழி.

தமிழில் எழுத்துப் போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸில் ஓ.பி.எஸ்.ஸின் எழுத்துச் சோர்ஸ் தமிழை ஒழுங்காகவே காட்டும். லினக்ஸில் இருப்பது ஃப்ரீடைப் 2 என்ற வேறு சோர்ஸ். அதற்கு எழுத்துகளைச் சேர்த்து வடிவம் கொடுக்கத் தெரியாது. வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். 'கேள்வி' என்று அடித்தால் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதனால் இந்தக் கொம்புச் சிக்கலைச் சந்தித்தவர்கள் நிறையவே இருப்பார்கள். வழிகள் உண்டு. லிப்ரே ஆஃபீஸிலோ கிம்ப்பிலோ எழுத்தை அடித்துப் படமாகச் சேமித்து, படச் சோர்ஸாகச் சேர்த்துவிடலாம். எழுத்து அடிக்கடி மாற வேண்டுமென்றால், சின்ன எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றை உருவாக்கி பிரவுசர் சோர்ஸில் திறக்கலாம். உள்ளே இருப்பது குரோமின் எந்திரம் என்பதால் தமிழ் பிசகாது. ஓ.பி.எஸ்.ஸின் மெனு மொழிகளில் தமிழும் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்து உதவி வீடியோ பார்க்கும்போது எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் வரும் என்பதால், புதிதாகப் பழகுபவர்கள் ஆங்கில மெனுவிலேயே தொடங்குவது உத்தமம்.

படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள். ஒலி கெட்டால் மன்னிக்க மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள். லேப்டாப்பின் உள் மைக்கை நம்பக் கூடாது. அது விசிறிச் சத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக்கே மேல். மலைக்காற்றுக்கு அதன் மேல் பஞ்சு உறை கட்டாயம். பேசும்போது ஒலிமானி மஞ்சள் பட்டைக்குள் ஏறி இறங்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் குரல் கிழியும். இரைச்சலை நீக்கும் வடிகட்டியும் உள்ளேயே இருக்கிறது. அதை முழு வீச்சில் போட்டால் காட்டுப் பூச்சிகளின் சத்தம் முழுக்கச் செத்துவிடும். ஜவ்வாது மலை இரவிலிருந்து நேரலை என்று சொல்லிவிட்டு ஏ.சி. அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்பது அவ்வளவு நன்றாக இல்லை. பூச்சி கொஞ்சம் கத்தட்டும். கேப்சர் கார்டு வழியாக வரும் படம் குரலைவிடச் சற்றுத் தாமதமாக வரும். ஒருவரைக் கேமரா முன் கைதட்டச் சொல்லிப் பார்த்து, ஒலியையும் அதே அளவு மில்லிவிநாடிகள் தள்ளிவைக்க இடம் இருக்கிறது.

மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மோடம் வைத்திருந்தால் அது ஓடாது. மோடத்துக்கென்றே விற்கும் குட்டி யூ.பி.எஸ். ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது.

இத்தனையும் செய்தும் சிக்னல் ஒரேயடியாகப் போகலாம். அதற்காகத்தான் 'ஸ்டார்ட் ஸ்ட்ரீமிங்' பொத்தானோடு 'ஸ்டார்ட் ரெக்கார்டிங்' பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். பதிவைச் சாதாரண எம்.பி.4 ஆக வைத்தால், நடுவில் லேப்டாப் அணைந்துபோனால் மொத்தக் கோப்பும் திறக்காது. எம்.கே.வி. என்றால் அணைந்த நொடி வரைக்கும் பிழைக்கும், பிறகு ஓ.பி.எஸ்.ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். பதிவுக்குத் தனித் தரமும் வைக்கலாம். ஆகவே நேரலை 1,200இல் போனாலும் வன்தட்டில் உயர்தரப் பிரதி இருக்கும். மறுநாள் ஆலங்காயத்துக்கோ போளூருக்கோ இறங்கும்போது பென்டிரைவில் எடுத்துப்போய் நல்ல நெட்டில் ஏற்றிவிடலாம். மலையில் நேரலை செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டாவது வழியைத் தோல்வியாக நினைக்காமல், திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்ட்ரீம் கீ பற்றி ஒரு வார்த்தை. யூடியூப் தரும் அந்த நீண்ட எழுத்துச்சரம் யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் நம் சேனலில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடும்போது அது அதில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்துவிட்டால் உடனே புதியது வாங்கிக்கொள்ளலாம்.

நிலாவுக்குப் பழகிய கை வேறு எதற்கும் பழகும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபைக் கூட்டம் உடனே நினைவுக்கு வருவது. மலையிலிருந்து வேலைக்காக வெளியூர் போனவர்கள் தங்கள் ஊர்ச் சாலையைப் பற்றி என்ன பேசப்படுகிறது என்று கைபேசியில் பார்க்க முடிந்தால் அது சின்ன விஷயமல்ல. அதற்குப் படத்தைவிட ஒலிதான் முக்கியம். இருப்பதிலேயே நல்ல மைக் தலைவர் மேசையில் இருக்க வேண்டும், வீடியோ 480பி போதும். ஆனால் ஜவ்வாது மலைப் பழங்குடியினரான மலையாளி மக்களின் குலதெய்வ வழிபாட்டையும் சடங்குகளையும் கேமரா இருக்கிறது என்பதற்காகவே ஒளிபரப்பக் கிளம்புவது வேறு சங்கதி. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் கேமராவைப் பையில் வைத்துவிட வேண்டும். யூடியூபில் ஏறியதைத் திரும்ப அழைப்பது சுலபமில்லை.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை இணைப்பு கொடுக்கும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. ஊராட்சி அலுவலகத்தில் அந்த இணைப்பு உயிரோடு இருந்தால் மேலே போட்ட கணக்குகளில் பாதியை மறந்துவிடலாம். தொலைநோக்கியை அந்த அலுவலக வாசலிலேயே வைப்பதா, இருட்டான மைதானத்தில் வைப்பதா என்ற புதுக் கேள்வி வரும். நிலாவுக்குத் தெருவிளக்கு பெரிய தடையில்லை, வாசலே சரி. விண்மீன் கூட்டங்களைக் காட்ட வேண்டுமென்றால் மைதானம்தான்.

தொடக்கம் முதல் முடிவு வரை இங்கிருந்து பார்க்கக்கூடிய அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31இல் வருகிறது. இரவு 8.37 வாக்கில் தொடங்கும், 9.46 முதல் 10.57 வரை முழு இருள். நிழல் விலகி முடியும்போது புத்தாண்டு பிறந்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் நேரம். மார்கழிப் பனியில் லென்ஸில் ஈரம் படியும் என்பதால் துடைக்க மெல்லிய துணி வேண்டும். அதைவிட முக்கியம், பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க மலையில் இருக்கும் ஒவ்வொரு கைபேசியும் வாழ்த்துச் சொல்ல அதே டவரைத்தான் பிடிக்கும். 11.30க்கு மேல் பிட்ரேட்டை 800க்கு இறக்கும்படி முன்பே ஒரு தனி புரொஃபைல் அமைத்து வைக்கலாம். புரொஃபைல் மாற்ற நேரலையை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டியிருக்கும், அதை 10.57க்கும் 11.30க்கும் இடையில் செய்துவிட்டால் முக்கியமான எதுவும் தப்பாது. ஒத்திகைக்கு மாதாமாதம் பௌர்ணமி வருகிறது.